பூஜ்யம் போட்ட வீடுகள்

செல்லக்கனியின் கல்யாணப் பேச்சில் நகை, சீர், மண்டபம் எல்லாம் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டன. இழுத்துக்கொண்டு நின்றது ஒன்றே ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகத் திறக்கப்போகிற கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்க அவளை எடுத்திருந்தார்கள். தொண்ணூற்றொன்றாம் வருசம் அது. ராஜபாளையத்தில் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்து முடித்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் முதல் விரல் செல்லக்கனி. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்த வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதுதான் கேள்வி.

மாப்பிள்ளை வைகுண்டராஜ் செண்பகத்தோப்பில் வனக்காவலர். ஒற்றை யானை எதிரே வந்தாலும் நின்று நிதானமாகப் பார்க்கிற ஆள். இந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும், "அம்மாட்ட கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்ப்பான்.

அம்மா ஆவுடையம்மாளுக்குக் கம்ப்யூட்டரின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. அவர் மனசில் கிடந்தது ஒரு சாம்பார். பதினோரு வருசத்துக்கு முன்னால் மூத்த மகள் கல்யாணத்தில் மூன்றாவது பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனது. அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், "ஆவுடையம்மா வீட்டு மாதிரி ஆயிராம" என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவார்கள். ஊருக்கு மறதியே கிடையாது, அதுவும் சாப்பாட்டு விஷயத்தில்.

"பாடம் நடத்துறது கெடக்கட்டும்" என்றார் அவர் செல்லக்கனியிடம். "இந்தக் கல்யாணத்துல எத்தனை இலை விழும்னு உன் பொட்டி முன்கூட்டிச் சொல்லட்டும். ஒரு பந்தி, நூறு இலை, முன்னப் பின்ன இருந்தாப் பரவாயில்ல. அதுக்கு மேல தப்புச்சுன்னா பொட்டியை மறந்துரணும். சம்மதமா?"

செல்லக்கனி யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டாள். இலையை எண்ணுவது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துவிட்டாள், பாவம்.

எண்ணுவது சுலபம். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்துகொள்வதில்தான் வில்லங்கம். அந்தப் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போகிறவர் "எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்கவே கூடாது. கேட்டால், அளந்து சோறு போடுகிற வீடு என்று பேராகிவிடும். "குடும்பத்தோட வந்துரணும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். அழைக்கப்பட்டவரும் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும், "வராம இருப்போமா?" என்றுதான் சொல்ல வேண்டும்.

செல்லக்கனியின் அப்பா ஐயாதுரைக்கு இது பிடிபடவே இல்லை. பட்டாளத்தில் சப்ளைப் பிரிவில் ஹவில்தாராக இருந்து வந்தவர். "அங்கல்லாம் காலைல ஸ்ட்ரெங்த் சொல்லிருவான். நானூத்திப் பன்னெண்டுன்னா நானூத்திப் பன்னெண்டு சப்பாத்தி. இங்க என்னடான்னா ஒருத்தனும் நம்பரே சொல்ல மாட்டேங்கான்" என்று புலம்பினார்.

கைகொடுத்தவர் செல்லக்கனியின் தாய்மாமன் தனுஷ்கோடி. மில்லில் மேஸ்திரி. லீவு எடுத்துக்கொண்டு, ஒன்பது நாளில் மாப்பிள்ளை வீட்டு உறவையும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று வீட்டுக்கு டி.வி.எஸ். வண்டியில் போய் அழைத்துவிட்டு வந்தார். எந்த வீட்டிலும் எண்ணிக்கை கேட்கவில்லை. ஆனால் வாசலில் கிடந்த செருப்பு, கொடியில் காய்ந்த துணி, அடுப்படியில் கேட்ட சத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்து நோட்டில் எழுதினார். வருவார்களா மாட்டார்களா என்பதற்கு அவரிடம் தனிச் சூத்திரம் இருந்தது.

"இங்க பாரு தாயி. 'நம்ம வீட்டுக் கல்யாணம், நீங்க வேற சொல்லணுமா'ன்னா வருவாக. 'மொத நாளே வந்து எறங்கிருவோம்'னா வரமாட்டாக. 'பாப்போம்'னா கண்டிப்பா வரமாட்டாக. அதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம்."

செல்லக்கனி நோட்டை வாங்கிப் பார்த்தாள். பெயர், ஊர், ஆள், வருகை என்று கட்டம் கட்டமாக அழகாக இருந்தது. ஆள் என்ற கட்டத்தில் மட்டும் ஒற்றை எண்ணாக ஒன்றுகூட இல்லை. அஞ்சாறு பேர் என்பதை 5 6 என்றும், ஏழெட்டு பேர் என்பதை 7 8 என்றும் எழுதியிருந்தார் மாமா. இரண்டே பேர் இருக்கிற வீட்டைக்கூட ரெண்டு மூணு என்றுதான் அவருக்குச் சொல்ல வரும். உறவைத் துல்லியமாக எண்ணுவது மரியாதை இல்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஞ்சு மார்க்கெட் பக்கத்து மாடியில் அவள் படித்த சென்டரின் சாவியை வாங்கித் திறந்து வைத்துக்கொண்டு, நூற்று நாற்பத்து மூன்று வீட்டையும் அடித்து முடித்தாள். விடை வருகிற நேரத்துக்கு அப்பாவும் மாமாவும் வந்தார்கள். முகூர்த்தச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க ராஜபாளையம் வந்த ஆவுடையம்மாளும், செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஏசிக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"என்னதான் செய்த நீ? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

"எதை எந்த டப்பாவுல போடணும்னு மொதல்லயே இதுக்குச் சொல்லணும் அத்தை. பேரு, ஊரெல்லாம் எழுத்து டப்பா. ஆளு எண்ணு டப்பா. வருவாகளா மாட்டாகளாங்கிறது ஆமா இல்லை டப்பா. எழுத்தையும் எழுத்தையும் கூட்டுனா ஒட்டிக்கிட்டு நிக்கும். எண்ணையும் எண்ணையும் கூட்டுனாத்தான் கூடும். டப்பா மாறிட்டா எல்லாம் போச்சு."

"எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டியே தேவலை போலருக்கே" என்றார் ஆவுடையம்மாள். "கடுகும் வெந்தயமும் கலந்து போச்சுன்னா உக்காந்து பொறுக்கிறலாம்."

செல்லக்கனி சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சை எழுத்தில் விடை வந்தது: மைனஸ் 6765.

செல்லக்கனி திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"மைனஸ்ல எப்படிம்மா ஸ்ட்ரெங்த் வரும்?" என்றார் ஐயாதுரை மெதுவாக.

"சாப்பிட்டுட்டு தூக்குவாளியில வேற கொண்டுபோவாங்கள்லா மச்சான், அதையும் சேத்துச் சொல்லுது" என்று மருமகளுக்கு முட்டுக்கொடுத்தார் தனுஷ்கோடி.

செல்லக்கனிக்குக் காது சூடாகிவிட்டது. சம்பந்தியம்மாள் முன்னால் இப்படி ஆகவேண்டுமா? வரி வரியாகப் பார்த்தாள். செத்த நேரத்தில் இரண்டு கோளாறுகள் அகப்பட்டன. மைனஸ் வந்ததற்குக் காரணம் ஆமா இல்லை டப்பா. "இந்த மெஷினுக்கு இல்லைன்னா பூஜ்யம் அத்தை, ஆமான்னா மைனஸ் ஒண்ணு. அது அப்படித்தான். ஒவ்வொரு வீட்டு ஆளையும் அதால பெருக்குனேன், எல்லாம் மைனஸாயிருச்சு. முன்னால இன்னொரு மைனஸ் போட்டாச் சரியாயிரும்."

"ஆமாங்கிறது மைனஸ் ஒண்ணா?" ஆவுடையம்மாள் மூக்கில் விரலை வைத்தார். "வெளங்குனாப்புலதான். இல்லைங்கிறதாவது பூஜ்யம்னு மரியாதையா இருக்கு."

இன்னொரு கோளாறு மாமாவின் நோட்டு. இரண்டு எண் இருக்கிறதே என்று செல்லக்கனி ஆளையும் எழுத்து டப்பாவில் போட்டுவிட்டு, பிறகு அதை எண்ணாக மாற்றச் சொல்லியிருந்தாள். மெஷின் இடையில் இருந்த இடைவெளியை விழுங்கிவிட்டு, அஞ்சாறை ஐம்பத்தாறாகவும் ஏழெட்டை எழுபத்தெட்டாகவும் எடுத்துக்கொண்டிருந்தது.

"கருத்தையா வீட்டுல எழுபத்தெட்டு பேரா?" தனுஷ்கோடி பதறிப்போனார். "அவன் தோட்டத்துல எழுபத்தெட்டு கோழிகூட நிக்காதே!"

அதையும் திருத்தினாள். இரண்டு எண்ணையும் தனித்தனி எண் டப்பாவில் வாங்கி, கூட்டி, இரண்டால் வகுத்தாள். அறுநூற்று அறுபத்து நாலரை என்று வந்தது. அரை ஆளை என்ன செய்வது என்று ஒரு சர்ச்சை நடந்தது. வெட்டிவிடலாம் என்றார் பட்டாளத்துக்காரர். "அரை ஆளுன்னா பிள்ளைகதான மச்சான். அதுக்கும் முழு இலைதான் போடணும், அதுதான் ரெண்டு அப்பளம் கேக்கும்" என்றார் மாமா. முழு எண் டப்பாவுக்கு மாற்றியதும் மெஷினே அதை 665 ஆக்கிவிட்டது.

"அறுநூத்தி அறுபத்தஞ்சு" என்று ஆவுடையம்மாள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "ஞாபகம் வச்சிருக்கேன்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். செல்லக்கனிக்குப் படித்த திமிர் கொஞ்சம் உண்டு. பெயர், ஊர், இலை என்று முழுப் பட்டியலையும் கரகரவென்று பிரிண்ட் எடுத்து, சமையல்காரர் மொக்கைச்சாமிக்கு ஒரு காப்பி கொடுத்தனுப்பினாள். வரமாட்டார்கள் என்று மாமா கணித்த இருபத்திரண்டு வீடுகளுக்கு நேராகவும் ஒழுங்காக ஒரு பூஜ்யம் விழுந்திருந்தது.

மொக்கைச்சாமி முப்பது வருசமாக யார் கணக்கையும் நம்பாமல் இரண்டு படி கூடுதலாகவே உலை வைக்கிறவர். கம்ப்யூட்டர் பேப்பரைப் பார்த்ததும் அவருக்கே ஒரு பயபக்தி வந்துவிட்டது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில், பஸ்ஸில், அரிசி மண்டியில் எடுத்து எடுத்துக் காட்டினார். "இதுக்கு மேல ஒரு இலை விழாது, பாத்துக்கோ" என்று பந்தயம்கூடக் கட்டினார். பேப்பர் வத்திராயிருப்புப் பக்கம் ஒரு காதுகுத்துக்குச் சமைக்கப் போனபோது அவரோடு போனது. அங்கிருந்து, பூஜ்யம் வாங்கின உறவுக்காரர்கள் இருக்கிற கூமாப்பட்டிக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்?

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து, மணமேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் செல்லக்கனி கவனித்தாள். மண்டபத்தின் பின்பக்கத்தில் நாலைந்து வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை. ஒரு பந்தி போய், அடுத்த பந்தி போய், ஏழாவது பந்தியும் போயிற்று. அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். நடு வரிசையில் வெள்ளை வேட்டியும் முறுக்கிய மீசையுமாக உட்கார்ந்திருந்தவர் கூமாப்பட்டி சமுத்திரம். அவளுக்குப் பெரியப்பா முறை. நாற்று நடவு இருக்கிறது, பாப்போம் என்று சொன்னவர்.

தனுஷ்கோடி வேர்த்து விறுவிறுத்து மேடையோரம் வந்து குனிந்தார்.

"ஏட்டி, பூஜ்யம் போட்ட அம்புட்டு வீடும் வந்திருக்கு. இருபத்திரெண்டு வீடும். நடவைப் போட்டுட்டு வேன் பிடிச்சு வந்திருக்காக. 'நாங்க வரமாட்டோம்னு பொட்டியில போட்டாளாமே, வந்தோமா இல்லையான்னு பாத்துக்கிடட்டும்'னு சொல்லுதாக. ஆனா ஒருத்தரும் கை நனைக்க மாட்டாகளாம்."

கல்யாணத்துக்கு வராமல் இருந்தால் அது வருத்தம். வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனால் அது உறவையே அறுக்கிற காரியம்.

"அப்பா கூப்பிட்டாகளா?"

"கையெடுத்துக் கும்பிட்டாரு. பெரியவரு அசையல." மாமா குரலை இன்னும் தணித்தார். "இன்னொண்ணு சொல்லுதேன், மெதுவாக் கேளு. இது வரைக்கும் அறுநூத்தி அம்பத்தோரு இலை விழுந்திருக்கு. கடைசியா ரெண்டு வீட்டாளும் பத்துப் பேரு உக்காந்தா அறுநூத்தி அறுபத்தொண்ணு. உன் பொட்டி சொன்னதுக்கு நாலுதான் கொறவு! சம்மந்தியம்மா விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கிட்டு இருக்காக, நானே பாத்தேன். அந்தா உக்காந்திருக்கிறது நூத்தி இருபத்தெட்டு பேரு. அவிய சாப்பிட்டா உன் கணக்கும் தப்பு, சோறும் பத்தாது. மொக்கைச்சாமி உன் பேப்பரை நம்பி ஒரு படிகூடக் கூடப் போடல. அவிய கோவத்தோட போனா ரெண்டு மாசம் கழிச்சு நான் போயிச் சமாதானம் பண்ணிக்கிடுதேன். நீ பேசாம உக்காரு. வேலை உனக்குத்தான்."

மாமா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். வேலை, தினமும் காலையில் கிளம்பிப் போய் ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்பது, டீச்சர் என்று யாரோ கூப்பிடுவது, எல்லாம் இன்னும் பத்து இலை தூரத்தில் இருந்தன. அவளுக்கு அது வேண்டும். ரொம்பவே வேண்டும். அவள் சமுத்திரம் பெரியப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை, பந்தி நடக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அவர் அந்தத் தலையைப் பிடித்து நேராக வைத்தார்.

செல்லக்கனி எழுந்தாள்.

"எங்க?" என்றான் வைகுண்டராஜ்.

"செத்த போயிட்டு வாரேன்."

"அம்மாட்ட ஒரு வார்த்தை..." என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் மாலையும் கழுத்துமாகப் படி இறங்கிவிட்டாள். நாதஸ்வரக்காரர் எதற்கென்று தெரியாமல் கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டினார்.

சமுத்திரம் நிமிர்ந்து பார்த்தார். "வா தாயி. நல்லா இரு. நாங்க வந்தாச்சு, பாத்தாச்சு, கெளம்ப வேண்டியதுதான்."

"சாப்பிட வாங்க பெரியப்பா."

"பூஜ்யத்துக்கு இலை போட்டா உன் கணக்கு ஒதைக்குமே தாயி."

"ஒதைக்கட்டும்."

"அந்த மெஷினு சொல்லிருச்சுல்லா, கூமாப்பட்டிக்காரன் வரமாட்டான்னு?"

"மெஷினுக்கு என்ன தெரியும் பெரியப்பா? நான்தான் போட்டேன். வருவாக, மாட்டாகன்னு ரெண்டே ரெண்டு பதிலுக்குத்தான் எடம் வச்சேன். கோவிச்சுக்கிட்டு வருவாகன்னு மூணாவது ஒண்ணு வைக்க எனக்குத் தெரியல." அவள் குரல் உடைந்தது. "தப்பு என்னோடதுதான். எந்திரிங்க. நீங்க எந்திரிக்காம நான் மேடைக்குப் போக மாட்டேன்."

சமுத்திரம் மீசையைத் தடவினார். அவருக்கும் பசிதான், விடிகாலையில் வேன் ஏறியவர். ஆனாலும் ஒரு மரியாதைக்காக இன்னும் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, "புள்ள அழுவுதுலே, எந்திரிங்க" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். தலையைத் திருப்பிக்கொண்டிருந்த குழந்தை முதல் ஆளாக ஓடியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சமையல்கட்டுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லி அழுவார்கள். சாம்பார் பாதிப் பந்தியிலேயே காலி. ரசத்தில் வெந்நீர் சேர்ந்துகொண்டே போயிற்று. இரண்டாவது உலை வேகிற வரைக்கும் எழுபது பேர் இலையையும் உப்பையும் ஊறுகாயையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மொக்கைச்சாமி கம்ப்யூட்டர் பேப்பரை எடுத்து அடுப்பில் போட்டார். ஐயாதுரை வாளியைத் தூக்கிக்கொண்டு தானே பரிமாறினார். சமுத்திரம் மட்டும், "மோரு போதும் ஐயாதுரை, மோரு போதும்" என்று சொல்லி மூன்று தடவை சோறு வாங்கினார்.

கடைசிப் பந்தியில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்தபோது சோறும் மோரும் எலுமிச்சை ஊறுகாயும்தான் மிச்சம். பாயசம் இருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மாவான ஆவுடையம்மாள் மோர்ச்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த செல்லக்கனி சோற்றில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தம் எத்தனை இலை?" என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

"எழுநூத்தி எம்பத்தொம்பது, சம்மந்தியம்மா" என்றார் தனுஷ்கோடி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அறுநூத்தி அறுபத்தஞ்சுக்கு எம்புட்டுக் கூட?"

"நூத்தி இருபத்தி நாலு."

"ஒரு பந்திக்கு மேலயே."

ஐயாதுரை கையில் இருந்த மோர்வாளியைக் கீழே வைத்தார்.

"அப்பம் அந்த வேலை விஷயம்..." ஆவுடையம்மாள் இலையை மடித்தார். "பாப்போம்."

பாப்போம் என்றால் என்ன என்று அந்தப் பந்தியில் இருந்தவர்களிலேயே நன்றாகத் தெரிந்தவள் செல்லக்கனிதான். இருபத்திரண்டு வீட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் பூஜ்யம் போட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு கோபமும் வந்தது.

"அத்தை, பாப்போம் மட்டும் சொல்லாதீங்க. அதுக்கு என்கிட்ட டப்பா கிடையாது. போன்னு சொல்லுங்க, இல்ல போகாதன்னு சொல்லுங்க. எதுன்னாலும் கேட்டுக்கிடுதேன்."

புதுப்பெண் மாமியாரிடம் பேசுகிற பேச்சா அது? வைகுண்டராஜ் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

ஆவுடையம்மாள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மருமகளுக்கு முன்னால் நின்றார்.

"என் மூத்தவ கல்யாணத்துல சாம்பார் பத்தலைன்னு பதினோரு வருசமா ஊரே சொல்லுது. அன்னைக்கு என் கூடப்பொறந்த அண்ணன் ஏதோ கோவத்துல சாப்பிடாம எந்திரிச்சுப் போனான். அதை யாரும் சொல்லல. கூப்பிட யாரும் போகல. நானும் போகல, சாம்பாரைப் பாத்துக்கிட்டு நின்னேன். இன்னை வரைக்கும் எங்களுக்குள்ள பேச்சு கிடையாது." முந்தானையை உதறி விட்டுக்கொண்டார். "நீ எறங்கிப் போனதை நான் பாத்தேன்."

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, பந்தியில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மைனஸ் ஒண்ணு."

ஐயாதுரைக்கு முகம் செத்துவிட்டது. பூஜ்யமாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தார், அதற்கும் கீழே போய்விட்டதே என்று மகளைப் பார்த்தார். மகள் மோர்க்கையோடு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். தனுஷ்கோடி ஏன் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை.

"எதுக்குட்டி அழுத?" ஆவுடையம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து மெதுவாகக் கேட்டார். "உன் பொட்டி பாஷையில சரியாத்தான சொன்னேன்?"

"சரிதான் அத்தை" என்றாள் செல்லக்கனி.